ராக் பாட்டின் ஹை நோட்: பெல்ட்டா, மிக்ஸா, தலைக்குரலா, சுருதியையே இறக்குவதா?

ராக் பாடும் ஆண்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் முட்டி நிற்கிறார்கள். இ4-க்கும் ஜி4-க்கும் (மேற்கத்திய ஸ்வரப் பெயர்களில் E4, G4) நடுவில். அதுவரை கனமாக வந்த குரல் அங்கே போனதும் கத்தலாக மாறுகிறது, இல்லையென்றால் சட்டென்று உடைந்து காற்று கலந்த பொய்க்குரலாகிவிடுகிறது. பல்லவியின் உச்சமோ ஏ4-லும் பி4-லும் உட்கார்ந்திருக்கிறது.

அந்த இடத்தைத் தாண்ட நான்கு வழிகள் உண்டு. நெஞ்சுக் குரலையே மேலே ஏற்றிப் பாடும் பெல்ட். மேலே போகப்போக எடையைக் குறைக்கும் மிக்ஸ். ட்வாங் (சிணுங்கல் போன்ற கூர்மை) சேர்த்து இறுக்கிய தலைக்குரல். பாட்டின் சுருதியையே இறக்கிக்கொள்வது. "நான் எதைப் பழகணும்?" என்று கேட்பவர்களுக்கு எங்கள் பதில்: பாடகருக்கு ஒரு வழி என்று முடிவு செய்யாதீர்கள், பாட்டில் வரும் ஒவ்வொரு உச்ச ஸ்வரத்துக்கும் தனித்தனியாக முடிவு செய்யுங்கள். அதற்கு நான்கின் லாபநஷ்டமும் தெரிந்திருக்க வேண்டும்.

கணக்கு புரிவதற்கு: பியானோவின் நடு சி இங்கே சி4. ஏ4 என்றால் 440 ஹெர்ட்ஸ், சி5 என்றால் 523. அரைக் கட்டை என்று சொல்வது கிதாரில் ஒரு ஃப்ரெட்.

## முதலில், குரல் எங்கே மாறுகிறது?

போனில் ஒரு ட்யூனர் ஆப்பைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். வாயைப் பாதி திறந்து, "ங்ங்ங்" என்று கீழிருந்து மேலே மெதுவாகச் சறுக்குங்கள். சத்தம் வேண்டாம், பேசும் அளவு போதும். எங்கேயோ ஓரிடத்தில் குரல் துள்ளும் அல்லது திடீரென மெலியும். அந்த ஸ்வரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். நான்கைந்து முறை செய்தால் குறித்த ஸ்வரங்கள் ஒரே பகுதியில் வந்து நிற்கும். டெனர் (உயர்ந்த ஆண் குரல்) குரல்களுக்கு மாற்றம் நடக்கும் பகுதி ஏறத்தாழ டி4 முதல் ஜி4 வரை. அதைவிடத் தாழ்ந்த நடுத்தர ஆண் குரலான பாரிட்டோனுக்கு பி3 முதல் இ4 வரை.

அடுத்து, தெருவின் அந்தப் பக்கம் போகிறவரைக் கூப்பிடுவதுபோல "ஏய்!" என்று ஒரு குரல் கொடுங்கள். அது எந்த ஸ்வரத்தில் விழுகிறது? வலியோ கரகரப்போ இல்லாமல் வந்த அந்த ஸ்வரம்தான் உங்கள் பெல்ட்டின் இயல்பான தளம். எந்தப் பயிற்சியும் இல்லாதவர்களுக்கே அது சி4-க்கு மேல் வருவது சகஜம்.

"என் பேச்சுக் குரலே கீழேதான் இருக்கிறது, எனக்கு ஹை நோட் ஒத்துவராது" என்று நினைப்பவர்களுக்கு ஒரு தகவல். குயீன் பேண்டின் பாடகர் பிரெடி மெர்குரியின் குரலைப் பற்றி 2016-ல் வெளியான ஓர் ஆய்வு, பேட்டிகளில் அவர் பேசிய குரலின் சராசரி அதிர்வெண் 117 ஹெர்ட்ஸ் என்று அளந்தது. அது பாரிட்டோன் பேச்சுக் குரலின் அளவு.

## எதை வைத்து எடை போடுவது

முதல் கேள்வி, உயரம்: எந்த ஸ்வரம் வரை இந்த வழி தாங்கும்? இரண்டாவது, ட்ரம்ஸுக்கும் டிஸ்டார்ஷன் கிதாருக்கும் நடுவில் குரல் கேட்குமா? இங்கே பலரும் சத்தத்தைக் கூட்டினால் போதும் என்று நினைக்கிறார்கள். மனிதக் காது மிகக் கூர்மையாக உணரும் பகுதி 2,500 முதல் 4,000 ஹெர்ட்ஸ் வரை. பயிற்சி பெற்ற ஆண் குரலில் 3,000 ஹெர்ட்ஸை ஒட்டி ஆற்றல் குவியும். குரல் கணீரென்று வெளியே வருவது அந்தக் குவியலால்தான்.

மூன்றாவது, பாட்டின் சொல்லில் எந்த உயிரெழுத்து உச்சத்தில் விழுகிறது? நான்காவது, ஒரே மேடையில் அதை எத்தனை முறை பாடவேண்டும்? ஐந்தாவது, கைக்கு வர எவ்வளவு காலம் ஆகும்? ஆறாவது, தப்பாகச் செய்தால் எதை இழப்பீர்கள்?

| | பெல்ட் | மிக்ஸ் | இறுக்கிய தலைக்குரல் | சுருதி இறக்கம் |
|---|---|---|---|---|
| நன்றாக வேலை செய்யும் இடம் | டி4 – ஏ4, சிலருக்கு சி5 வரை | எஃப்4 – சி5 | பி4-க்கு மேல், சி5 தாண்டி இன்னும் நன்று | எந்தப் பாட்டுக்கும், அரை முதல் ஒன்றரைக் கட்டை |
| குரலின் எடை | மிகக் கனம் | நடுத்தரம், பதிவில் கனமாகக் கேட்கும் | மெலிவு, ஆனால் கூர்மை | மாறாது |
| ஒத்துவரும் உயிர் | எ, ஆ, ஒ | எல்லாமே, சற்றுக் குறுக்கி | ஈ, ஏ, ஐ | எல்லாமே |
| ஒரு மேடையில் | சில இடங்களில் மட்டும் | இரவு முழுக்க | நிறைய முறை | கட்டுப்பாடு இல்லை |
| கற்கும் காலம் | வாரங்களில் ஆரம்பம், கட்டுப்பாட்டுக்கு மாதங்கள் | பல மாதங்கள் முதல் ஓரிரு வருடம் | சில மாதங்கள் | இன்றைக்கே |
| தவறினால் | வீக்கம், ரத்தக்கசிவு | தட்டையான, ஒல்லியான குரல் | பிசிறு, கீழே இறங்கும்போது உடைவு | பாட்டின் விறுவிறுப்பு குறையலாம் |

## பெல்ட்: நெஞ்சுக் குரலை மேலே ஏற்றுவது

ரானி ஜேம்ஸ் டியோ, கிறிஸ் கார்னெல் போன்றவர்களைக் கேட்டு ராக் பாட வந்தவர்களுக்கு மனதில் இருக்கும் ஒலி இதுதான். தடித்த, முழுதாக மூடும் குரல்நாண்களோடு மேலே போவது.

இது ஏன் கனமாகக் கேட்கிறது, ஏன் ஓரிடத்தில் நின்றுவிடுகிறது என்பதற்கு ஒரே காரணம். நீங்கள் பாடும் ஸ்வரத்தோடு அதன் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு அதிர்வெண்களும் சேர்ந்தே பிறக்கின்றன. வாயும் தொண்டையும் சேர்ந்த அறைக்கு, ஒவ்வோர் உயிரெழுத்திலும் தானாக ஒத்ததிரும் ஒரு முதல் அதிர்வெண் உண்டு. ஆணுக்கு "ஆ"வில் அது ஏறத்தாழ 700 ஹெர்ட்ஸ், "எ"யில் 500-ஐ ஒட்டி, "ஈ"யில் 300-ஐ ஒட்டி. பாடும் ஸ்வரத்தின் இரண்டு மடங்கு அந்த எண்ணோடு சேரும்போதுதான் பெல்ட்டின் அறைகூவல் போன்ற ஒலி கிடைக்கிறது.

"ஆ" என்று எஃப்4 பாடினால் 349-இன் இரட்டிப்பு 698. கச்சிதம். ஏ4 பாடினால் இரட்டிப்பு 880. இப்போது அறையின் எண்ணையும் மேலே தள்ளவேண்டும். வாயை அகலத் திறப்பது, வாயோரங்களைச் சற்று விரிப்பது, குரல்வளை கொஞ்சம் ஏறுவதை அனுமதிப்பது எல்லாம் அதற்குத்தான். சி5-ல் இரட்டிப்பு 1,046. ஆண் தொண்டையில் அந்த அளவுக்கு ஏற்றுவது மிகக் கடினம். பெல்ட்டுக்கு சி5 பக்கத்தில் ஒரு கூரை இருப்பது இதனால்தான். "ஈ"யில் பெல்ட் அடிக்க முயன்றால் தொண்டை இறுகுவதும் இதே கணக்குதான்: 300-ஐ 880-க்கு ஏற்ற முடியாது. உச்சத்தில் "ஃப்ரீ", "மீ" என்று வந்தால் அதை "எ" பக்கம் சாய்த்தே பாடவேண்டும்.

செய்யும் முறை: "ஏய்" என்ற அழைப்பிலேயே தொடங்குங்கள். மூச்சை நிரப்பிக்கொள்ளாமல், முக்கால் அளவு எடுத்தால் போதும். விலா எலும்புகள் விரிந்த நிலையிலேயே இருக்கட்டும். பற்களுக்கு நடுவே இரண்டு விரல் உயரத்துக்கு வாய் திறந்திருக்க வேண்டும். தாடை கீழே போகலாம், முன்னே துருத்தக் கூடாது. அண்ணாந்து பாடாதீர்கள். ஒரு ஸ்வரத்தை ஒரு நொடிக்கு மேல் பிடிக்காமல், அரைக் கட்டை அரைக் கட்டையாக ஏறுங்கள். ஒரு நாளைக்கு 10 நிமிடம் போதும். அதற்கு மேல் பெல்ட் பயிற்சி செய்தால் பழகுவதை விடக் களைப்புதான் மிஞ்சும்.

என்ன தப்பாகும்? மேலே போகும்போது காற்றைத் தள்ளுவது. தள்ளிய காற்றைத் தடுக்க குரல்நாண்கள் இன்னும் இறுக மூடும், அதைத் தாண்ட இன்னும் தள்ளவேண்டி வரும். இதன் முதல் அடையாளம் வலி அல்ல, சுருதி. ஸ்வரம் சற்றே கீழே நிற்கும், ஸ்வரத்தின் இயல்பான மெல்லிய அசைவு (விப்ராட்டோ) மறைந்து நேர்க்கோடாக ஒலிக்கும். இரண்டாவது அடையாளம் மறுநாள் காலையில் தெரியும்: பஞ்சுபோல மெல்லிய "ஊ"வில் சி5 பக்கம் தொட்டுப் பாருங்கள். வழக்கமாக வருவது வரவில்லை, வெறும் காற்று வருகிறது, அல்லது தாமதமாகத் தொடங்குகிறது என்றால் குரல்நாண் ஓரம் வீங்கியிருக்கிறது. சத்தமாகப் பாடும்போது இந்த வீக்கம் தெரியாது. மெல்லப் பாடும்போதுதான் காட்டிக்கொடுக்கும். ராக் பாடும் ஒவ்வொருவரும் தினம் காலையில் இதைச் செய்துபார்க்க வேண்டும்.

மறைந்திருக்கும் செலவு இதுதான்: பெல்ட் நன்றாக வருகிற நாளில் அதை எண்ணாமல் செலவழித்துவிடுவோம். ஒத்திகையில் ஒரே பல்லவியை எட்டு முறை முழுக் குரலில் பாடிவிட்டு, நிகழ்ச்சி நாளில் குரல் இல்லாமல் நிற்பவர்கள் ஏராளம். பழம் தின்று கொட்டை போட்டவர்களுக்கும் ஆபத்து உண்டு. ஏரோஸ்மித் பாடகர் ஸ்டீவன் டைலருக்குத் தொண்டையில் ரத்தக்குழாய் வெடித்து, 2006-ல் சுற்றுப்பயணத்தை நிறுத்திவிட்டு அறுவை சிகிச்சைக்குப் போகவேண்டி வந்தது.

எப்போது இதுவே சரி: உச்சம் எஃப்4 முதல் ஏ4-க்குள், ஸ்வரம் குறுகியது, சொல் கிட்டத்தட்டக் கூவலாக வரவேண்டியது, உயிர் "எ" அல்லது "ஆ". ப்ளூஸ் சாயல் கொண்ட ஹார்ட் ராக்கில் இதற்கு மாற்றே இல்லை.

## மிக்ஸ்: எடையைக் குறைத்துக்கொண்டே ஏறுவது

மிக்ஸ் என்பது நெஞ்சுக்கும் தலைக்கும் நடுவே இருக்கும் மூன்றாவது குரல் அல்ல. குரல்நாண்கள் அடிப்படையில் இரண்டு விதமாகத்தான் இயங்குகின்றன: தடித்து அதிர்வது, மெல்லிய விளிம்பு மட்டும் அதிர்வது. மிக்ஸில் பாடகர் இந்த இரண்டில் ஒன்றில்தான் இருக்கிறார். ராக்கில் பெரும்பாலும் முதல் வகையில், ஆனால் தடிமனைக் குறைத்து, நீட்சியைக் கூட்டி. கூடவே உயிரெழுத்தைக் குறுக்கி, ஒலியின் பளபளப்பை 3,000 ஹெர்ட்ஸ் பக்கம் தூக்கிவிடுகிறார். ஜர்னி பேண்டின் பாடகர் ஸ்டீவ் பெர்ரியின் நீளமான உச்ச ஸ்வரங்கள் கனமாகவும் களைப்பில்லாமலும் கேட்பது இந்தக் கலவையால்.

இங்கேதான் முக்கியமான விஷயம். எடையைக் குறைப்பது உடைகிற இடத்தில் நடக்கக் கூடாது, அதற்கு முன்பே நடக்க வேண்டும். எஃப்4-ல் உடைகிறவர் சி4, டி4-லேயே இலேசாக்க ஆரம்பிக்க வேண்டும். டி4-ஐ முழுக் கனத்தோடு பாடிவிட்டு எஃப்4-ல் மிக்ஸுக்கு மாறுவேன் என்றால் அது நடக்காது. உடைவு என்பதே தாமதமாக நடந்த மாற்றம்.

தினம் 20 முதல் 25 நிமிடம், வாரத்தில் ஐந்து நாள், இந்த வரிசையில்:

1. ஸ்ட்ரா, 5 நிமிடம். அரை டம்ளர் தண்ணீரில் ஒரு சாதாரண ஸ்ட்ராவின் நுனியை 2 முதல் 3 சென்டிமீட்டர் அமிழ்த்தி, அதன் வழியாக "ஊ" என்று பாடுங்கள். கீழிருந்து மேலே, மேலிருந்து கீழே சறுக்குங்கள். குமிழிகள் ஒரே சீராக வரவேண்டும். மேலே போகும்போது தண்ணீர் கொந்தளித்தால் காற்றைத் தள்ளுகிறீர்கள், நின்றுபோனால் தொண்டையை மூடுகிறீர்கள். வாயின் பக்கத்தில் அழுத்தம் திரும்பி வருவதால் குரல்நாண்கள் குறைந்த முயற்சியில் சேரப் பழகும்.

2. "ங்" சறுக்கல், 3 நிமிடம். உடைகிற இடத்தை ஒட்டி மட்டும், டி4 முதல் ஏ4 வரை. மெதுவாக.

3. "நே நே நே", 6 நிமிடம். சங்கராபரணத்தின் ச ரி க ம ப ம க ரி ச. பாரிட்டோன் ஜி3-யைச் சட்ஜமாக வைத்துத் தொடங்கலாம், டெனர் ஏ3. ஒவ்வொரு முறையும் அரைக் கட்டை ஏற்றுங்கள். ஒலி அழகாக இருக்கவேண்டாம். அடம்பிடிக்கும் குழந்தையின் சிணுங்கலாக, கூர்மையாக, சற்று அசிங்கமாகவே இருக்கட்டும். அந்தக் கூர்மைதான் ட்வாங்.

4. "மம் மம்", 6 நிமிடம். ச, க, ப, மேல் ச என்று ஏறி, மேல் ச-வை நான்கு முறை தட்டிவிட்டு இறங்குங்கள். "நே" தந்த கூர்மைக்கு "மம்" உருண்டையான உடலைச் சேர்க்கும்.

5. பாட்டின் வரி, 5 நிமிடம். சொற்களை எடுத்துவிட்டு முதலில் "நே"யில், பிறகு "மம்"மில், கடைசியில் சொற்களோடு.

சத்தம் உங்கள் அதிகபட்சத்தில் பாதிக்குச் சற்று மேல். அதற்கு மேல் போனால் பழைய தள்ளல் திரும்பிவிடும்.

உயிரெழுத்துகளை ஜி4-க்கு மேல் குறுக்கவேண்டும். "ஆ"வை உதடு சற்றே குவிந்த "அ"வாக, "ஏ"யை "எ"யாக, "ஓ"வை "உ" கலந்த "ஒ"வாக. கேட்பவருக்கு "ஆ" என்றே கேட்கும். "நைட்", "ஸ்கை" போன்ற சொற்களில் நீட்டுவது முதல் பாதியை மட்டும். "ஐ"யில் இருக்கும் "இ"யை சொல் முடியும் கணம் வரை தள்ளிப்போடுங்கள். தமிழ் பேசும் நாக்குக்கு இந்த "இ" சீக்கிரமே வந்துவிடும், ஸ்வரம் பாதியிலேயே மெலிந்துவிடும்.

தவறுகள் இரண்டு பக்கமும் நடக்கும். ஒலி பொய்க்குரல்போலக் காற்றடிக்கிறதா? "நே"க்குப் பதில் "கு கு கு" எடுங்கள். "க்" என்ற அடைப்பு குரல்நாண்களைச் சேர்க்கும். ஒலி பொம்மைப் படக் குரல்போல நசுங்குகிறதா? கழுத்தில் புடைத்திருக்கும் குரல்வளைமேல் ஒரு விரலை வையுங்கள். கொஞ்சம் ஏறினால் பரவாயில்லை, தாடைக்கு அடியில் போய் ஒட்டிக்கொண்டால் தப்பு. "நே"யைக் குறைத்து "மம்"மைக் கூட்டுங்கள்.

இதன் மறைமுகச் செலவு மனதைச் சார்ந்தது. மிக்ஸ் சரியாக வரும்போது பாடுகிறவருக்கே அது சின்னதாகத் தெரியும். நெஞ்சில் அதிர்வு குறைந்துவிடும், எலும்பு வழியாகக் காதுக்கு வரும் கீழ் ஒலிகள் போய்விடும். "இது என் குரலே இல்லை" என்று தோன்றி, நான்காவது வாரம் பழைய கத்தலுக்கே திரும்பிவிடுகிறார்கள். போனை ஒரு மீட்டர் தள்ளி வைத்துப் பதிவு செய்து கேட்டால் உண்மை தெரியும். தலைக்குள் ஒல்லியாக இருந்தது வெளியே முழுதாக இருக்கும்.

ஏ4, பி4-ல் இரண்டு நொடிக்கு மேல் நிற்கும் ஸ்வரங்கள், இரவில் பத்துப் பன்னிரண்டு பாட்டு, வாரத்தில் இரண்டு மூன்று நிகழ்ச்சி என்றால் மிக்ஸைத் தவிர வேறு அடித்தளம் இல்லை. ஒரே ஒரு வழியைத்தான் பழக நேரம் இருக்கிறது என்பவருக்கும் இதையே சொல்வோம்.

## இறுக்கிய தலைக்குரல்

டீப் பர்பிள் பாடகர் இயன் கில்லன், ஜூடாஸ் ப்ரீஸ்ட் பாடகர் ராப் ஹால்ஃபோர்ட் ஆகியோரின் வானைப் பிளக்கும் அலறல்கள் இந்த வகை. விளிம்பு மட்டும் அதிரும் இயக்கம், ஆனால் சாதாரணப் பொய்க்குரலில் இருக்கும் காற்றோட்டம் இல்லை.

"ஊ" என்று மென்மையான பொய்க்குரலில் சி5 பாடுங்கள். உள்ளங்கையை வாய்க்கு முன்னால் பிடித்தால் காற்று படும். இப்போது அதே ஸ்வரத்தை "ஈ"யாக மாற்றி, "நே"யில் பழகிய சிணுங்கல் கூர்மையைச் சேருங்கள். கையில் படும் காற்று குறையக் குறைய ஒலி கூர்மையாகும். அதுதான் இலக்கு. சத்தத்தைக் கூட்டி இதைப் பெற முடியாது, ட்வாங்கைக் கூட்டித்தான் பெற முடியும். பிறகு இ5-ல் தொடங்கி ஜி4 வரை கீழ்நோக்கிச் சறுக்குங்கள். மேலிருந்து இறங்குவதே இங்கே பாதுகாப்பான திசை.

உடல்ரீதியில் இது பெல்ட்டை விட மலிவு. பலவீனம் கீழே இருக்கிறது: ஏ4-க்குக் கீழ் எவ்வளவு இறுக்கினாலும் கனம் வராது. பெல்ட்டில் பாடிய ஜி4-க்கு அடுத்து இதில் ஏ4 வைத்தால், இரண்டு பேர் பாடுவதுபோல ஒட்டாமல் நிற்கும். ஆனால் சி5, டி5-ல் நிலைமை தலைகீழ். அங்கே பெல்ட் திணறும், இது விளையாடும். உச்சத்துக்கு முன் ஒரு மூச்சு இடைவெளி இருந்தாலோ, பாட்டின் முடிவில் தனி அலறலாக வந்தாலோ இதையே எடுங்கள்.

பெல்ட்டோ மிக்ஸோ தலைக்குரலோ, மேலே கரகரப்பு சேர்ப்பது தனி வேலை. அது குரல்நாண்களுக்கு மேலே இருக்கும் போலி நாண்களையும் சுற்றியுள்ள தசைகளையும் அதிரவைத்துச் செய்வது. சுத்தமான ஸ்வரத்தை பத்து முறை தடுமாறாமல் பாட முடிந்த பிறகே அதன்மேல் சேருங்கள். தொண்டை அரித்தாலோ இருமல் வந்தாலோ அந்தக் கணமே நிறுத்துங்கள். கரகரப்பால் உயரம் வராது.

## சுருதியை இறக்குவது

இதைத் தோல்வியாக நினைக்கிறவர்கள் அதிகம். அந்த நினைப்பு குரல்களைக் கெடுத்திருக்கிறது. கன்ஸ் அன்ட் ரோசஸ் 1987-ல் வந்த தங்கள் முதல் ஆல்பத்திலிருந்தே கிதாரை அரைக் கட்டை இறக்கி இ ஃப்ளாட்டில்தான் வைத்திருக்கிறார்கள். ஜிமி ஹெண்ட்ரிக்ஸும் வான் ஹேலனும் அப்படியே செய்தார்கள். வயது ஏற ஏற, புகழ்பெற்ற பல பேண்டுகள் பழைய பாட்டுகளை மேடையில் ஒரு கட்டை வரை இறக்கிப் பாடுகின்றன.

அரைக் கட்டை இறக்கினால் அதிர்வெண் ஏறத்தாழ 6 சதவீதம் குறையும். ஏ4 415 ஹெர்ட்ஸாகும். சின்ன வித்தியாசம்தான், ஆனால் எல்லையில் நிற்கும் குரலுக்கு அது பெரிய மூச்சு.

இருந்தும் குருட்டுத்தனமாக இறக்கக் கூடாது. இங்கே ஒரு பொறி இருக்கிறது. பல்லவியின் நீண்ட ஸ்வரம் ஏ4-ல் இருக்கிறது, உங்கள் குரல் எஃப் ஷார்ப் 4-ல் மாறுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றரைக் கட்டை இறக்கினால் அந்த ஸ்வரம் சரியாக எஃப் ஷார்ப் 4-ல் வந்து விழும். ஏ4-ல் மிக்ஸாக ஓரளவு நின்ற குரல், இப்போது கனமும் இல்லாமல் இலேசும் இல்லாமல் தள்ளாடும். இறக்கிய பிறகு பாட்டு இன்னும் கஷ்டமாகிவிட்டது என்று சொல்பவர்களுக்கு நடப்பது இதுதான். அதனால் அரை, ஒன்று, ஒன்றரை, இரண்டு என நான்கு இடத்திலும் பாடிப் பதிவு செய்து ஒப்பிடுங்கள். சில பாட்டுகளில் அரைக் கட்டை ஏற்றினால்கூட எளிதாகும். உச்சம் மாறும் பகுதியைத் தாண்டிப்போய்விடும்.

சரணத்தையும் பாருங்கள். மேலே சுகமாகி, கீழே சரணம் ஜி2-க்குக் கீழ் போய் முணுமுணுப்பானால் லாபம் இல்லை.

வாத்தியக்காரர்களின் செலவும் உண்டு. கிதார் கம்பிகளின் இழுவிசை அரைக் கட்டைக்கு 11 சதவீதம் குறையும். மெல்லிய 9 கேஜ் கம்பி தொளதொளக்கும், சற்றுத் தடித்த 10-க்கு மாறுவது நல்லது. ஃப்ளாய்டு ரோஸ் போன்ற மிதக்கும் ட்ரெமலோ இருந்தால் பின்னால் உள்ள ஸ்ப்ரிங்குகளைச் சரிசெய்து, கம்பிகளைத் தாங்கும் பாலத்தை (ப்ரிட்ஜ்) சமன்படுத்த வேண்டும். இரண்டு பாட்டுக்கு நடுவில் ஆகிற வேலை இல்லை அது. ஒன்று, முழு நிகழ்ச்சியும் ஒரே ட்யூனிங்கில் இருக்கட்டும், அல்லது இரண்டாவது கிதார் வேண்டும். ட்யூனிங்கை இறக்காமல் கோர்டுகளை மட்டும் மாற்றினால் திறந்த கம்பியில் வாசிக்கும் ரிஃப் (திரும்பத் திரும்ப வரும் கிதார் துணுக்கு) போய்விடும். ராக் பாட்டுக்கு அது உயிர். கீபோர்டில் டிரான்ஸ்போஸ் பட்டன் போதும். பதிவு செய்த பின்னணி இசையோடு (டிராக்) பாடுகிறீர்கள் என்றால் மென்பொருளில் ஒரு கட்டைக்கு மேல் இறக்கும்போது ட்ரம்ஸின் ஒலி மந்தமாகத் தொடங்கும்.

நிகழ்ச்சிக்கு இரண்டு வாரம்தான் இருக்கிறது, மிக்ஸ் இன்னும் கைவரவில்லை என்றால் யோசிக்காமல் இறக்குங்கள். சளி, தூக்கமின்மை, தொடர் நிகழ்ச்சி நாட்களிலும் அப்படியே.

## எந்த வழியையும் கெடுக்கும் மானிட்டர்

சுற்றிலும் சத்தம் கூடினால் மனிதர் தன்னையறியாமல் குரலை உயர்த்துவார். சிறிய ஒத்திகை அறையில் சிம்பல்களுக்குப் பக்கத்தில் நின்று மிக்ஸ் பழக முடியாது, இரண்டாவது பாட்டிலேயே பெல்ட்டாக மாறிவிடும். உங்கள் குரலே உங்கள் காதில் தெளிவாகக் கேட்கும்படி இன்-இயர் மானிட்டர் (காதுக்குள் வைக்கும் இயர்போன்) போடுங்கள். அது இல்லையென்றால் ஒரு காதில் மட்டும் இயர்ப்ளக் வைத்தால்கூட உதவும்.

ஷூர் எஸ்எம்58 போன்ற மைக்கின் வலைத் தலையைக் கையால் மூடிப் பிடித்தால் திசைத்தன்மை கெட்டு ஊளையிடும், குரலின் தெளிவும் போகும். பெல்ட்டுக்கு மைக்கை 10 முதல் 15 சென்டிமீட்டர் தள்ளுங்கள். தலைக்குரலுக்கு உதட்டருகே கொண்டுவாருங்கள். நெருங்கும்போது மைக் கீழ் ஒலிகளைக் கூட்டித் தரும், மெலிந்த குரலுக்கு அது இலவச உடல். மிக்ஸரில் 4:1 கம்ப்ரஷன் (சத்தத்தின் ஏற்ற இறக்கத்தைக் குறைக்கும் வசதி) இருந்தால் இரண்டுக்கும் இடையிலான மட்ட வித்தியாசம் குறைந்துவிடும்.

அதிமதுரமோ மிளகுப் பாலோ குடித்தால் தொண்டைக்கு இதமாக இருக்கும். ஆனால் விழுங்குகிற எதுவும் குரல்நாண்களைத் தொடுவதில்லை, அதை நம்பிக் கட்டிய தொண்டையோடு பெல்ட் அடிக்காதீர்கள். ஆவி பிடிப்பது மட்டும் நேரே அங்கே போகும். மரத்துப்போகச் செய்யும் மிட்டாய்கள் வலியை மறைத்துவிடும், மேடைக்கு முன் வேண்டாம். ஆஸ்பிரின் வகை வலி மாத்திரைகள் ரத்தக்கசிவு ஆபத்தைக் கூட்டும். பாடிக்கொண்டிருக்கும்போதே குரல் திடீரென்று மறைந்தால் அங்கேயே நிறுத்தி, கிசுகிசுக்கக்கூடச் செய்யாமல், உடனே காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போகவேண்டும். கரகரப்பு மூன்று வாரத்துக்கு மேல் நீடித்தாலும் குரல்நாண்களைக் கேமராவில் பார்த்துவிடுவது அவசியம்.

## பாட்டுத்தாளில் குறிக்கும் முறை

பாட்டுத்தாளை எடுத்து, எஃப்4-க்கு மேல் போகும் ஒவ்வோர் அசையையும் வட்டமிடுங்கள். வட்டத்தின்மேல் ஸ்வரம், எத்தனை நொடி, எந்த உயிர் என்று எழுதுங்கள். பக்கத்தில் பெ, மி, த என்று ஓர் எழுத்து.

ஒரு பல்லவியில் "அவே" ஜி4-ல் அரை நொடி, "நைட்" ஏ4-ல் மூன்று நொடி, "ஃப்ரீ" சி5-ல் இரண்டு நொடி என்று வைத்துக்கொள்வோம். "அவே" குறுகியது, உயிரும் "எ" பக்கம்: பெ. "நைட்" நீளம்: மி, "அ"வில் நின்று "இ"யைக் கடைசியில். "ஃப்ரீ"யில் உயிரும் உயரமும் தலைக்குரலுக்கே தோது: த. இதில் சிக்கல் "அவே"யிலிருந்து "நைட்"டுக்குப் போகும் இடம். ஜி4-ஐ முழுக் கனத்தோடு அடித்தால் ஏ4-க்கு இலேசாக்க நேரம் இருக்காது. அப்படியானால் "அவே"யையும் மி ஆக்கிவிடுங்கள். பல்லவி மூன்று முறை வருகிறதென்றால், கடைசி முறை மட்டும் அதை பெ-யாக வைத்து, "நைட்"டுக்கு முன் ஒரு மூச்சு எடுத்துக்கொள்ளலாம்.

தாள் முழுக்க பெ-யாகவே வந்தால் அந்தப் பாட்டை அரைக் கட்டை இறக்கி மறுபடி குறித்துப் பாருங்கள்.